ஓடமும் சிப்பமும்

காட்டாற்றில் ஓடம் செலுத்துகிறவனுக்குத் துடுப்புப் பிடிக்கும் வித்தையோடு சரக்கு அடுக்கும் வித்தையும் கைவந்திருக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மான்ட்ரியலை அடுத்த லஷீன் துறையிலிருந்து வசந்த காலம் பிறந்ததும் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, ரோமத்தோல் வியாபாரத்துக்காகக் கனடாவின் ஆறுகளையும் ஏரிகளையும் கடந்து சென்ற வொயாஜர் என்னும் பிரெஞ்சு ஓடக்காரர்கள் இந்த இரண்டிலும் தேர்ந்தவர்கள்.

அவர்கள் எதிர்கொண்ட சங்கடம் இரட்டைத் தன்மை உடையது. பாறைகளுக்கிடையே பிரவாகம் சீறும் இடத்தில் ஓடம் ஒரு பக்கம் சாய்ந்தால், உள்ளிருக்கும் பாரமும் அதே பக்கம் சரிந்து ஓடத்தைக் கவிழ்த்துவிடும்; ஆகவே சரக்கு அசையாமல் இருந்தாக வேண்டும். ஆனால் நீர்வீழ்ச்சி குறுக்கிடும் இடத்திலெல்லாம் சரக்கு முழுவதையும் கரையேற்றி, ஓடத்தையும் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுவழி நடக்க வேண்டியிருந்ததால், அதே சரக்கு நினைத்த மாத்திரத்தில் கைக்கு வரவும் வேண்டும். இறுக்கிக் கட்டினால் இறக்கும்போது பொழுது வீணாகும். கட்டாமல் விட்டால் ஆறு கொண்டுபோகும்.

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் கயிற்றைவிட அளவையே அதிகம் நம்பியது. துணியும் துப்பாக்கி மருந்தும் மதுவும் புகையிலையும் பெரும்பாலும் ஏறக்குறைய 90 ராத்தல் நிறையுள்ள சிப்பங்களாகவும் சிறு பீப்பாய்களாகவும் கட்டப்பட்டன. பூர்ச்ச மரப்பட்டையை வேர்நாரால் தைத்து, மூட்டுவாய்களில் பிசின் பூசிச் செய்த அந்த ஓடத்தின் மெல்லிய அடித்தளம் நேரடியான பாரத்தைத் தாங்காது என்பதால், முதலில் நீண்ட கழிகளை நெடுக்குவாட்டில் பரப்பி, அவற்றின்மேல் சிப்பங்களை ஒன்றையொன்று நெருக்கும்படி அடுக்கி, மழைக்கும் தெறிக்கும் நீருக்கும் தடையாகத் தார்ப்பாயை விரிப்பார்கள். கரையிறங்கியதும், நெற்றியில் மாட்டிய தோல்பட்டையின் இரு முனைகளாலும் கட்டிய ஒரு சிப்பம் இடுப்புக்கு மேலே தங்க, அதன்மேல் இன்னொன்றைக் கட்டாமலே ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவது அவர்கள் வழக்கம். ஆற்றின் வேகம் மிதமாக இருந்தால் பாதிச் சரக்கை மட்டும் இறக்கி, இலேசான ஓடத்தைக் கயிறு கட்டி நடத்திச் செல்வதும் உண்டு. எங்கே எவ்வளவு இறக்குவது என்னும் இந்த நிதானம்தான் அவர்களுடைய சாமர்த்தியத்தின் சாரம் என்று நான் கருதுகிறேன்.

ஆயினும் ஆறு எல்லாருக்கும் இணங்கிப் போகவில்லை. 1793ஆம் ஆண்டு மே மாதம் அலெக்ஸாண்டர் மெக்கன்ஸி பசிபிக் கடலைத் தேடிப் புறப்பட்டபோது அவருடைய ஓடம் 25 அடி நீளமே இருந்தது. இரண்டே ஆட்கள் இளைப்பாறாமல் மூன்று நான்கு மைல் தூக்கிச் செல்லக்கூடிய அத்தனை இலேசான அந்தக் கலத்தில் பத்துப் பேரும் 3000 ராத்தல் பாரமும் ஏறின. ஜூன் 13ஆம் தேதி மலையாறொன்றில் அது பாறையில் மோதிப் பின்பக்கமும் முன்பக்கமும் உடைந்து, அடித்தளத்திலும் பொத்தல்கள் விழுந்தன. ஆட்கள் தண்ணீரில் குதித்து, சிதைந்த கலத்தை விடாமல் பற்றிக்கொண்டே ஆழமற்ற இடத்தை அடைந்து உயிர் பிழைத்தார்கள். துப்பாக்கிக் குண்டுகள் அத்தனையும் போயின. வெடிமருந்து தப்பியது; அதை வெயிலில் பரப்பி உலர்த்திக்கொண்டிருக்கையில், அவர்களில் ஒருவன் வாயில் புகையும் சுங்கானோடு அதன் குறுக்கே நடந்துபோனான் என்று மெக்கன்ஸி எழுதியிருப்பதைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும். மனம் தளராமல், அதே ஆண்டு ஜூலையில் அவர்கள் கடலைக் கண்டார்கள்.

வியாபாரச் சிப்பங்களைவிட ஈடுசெய்ய அரியவை, நிலத்தை அளக்க வந்தவர்களின் கருவிகளும் காகிதங்களுமே. டேவிட் தாம்ஸன் 1796இல் சிப்பவையான் என்னும் பழங்குடியைச் சேர்ந்த இரண்டு துணைவர்களோடு அளவைப் பயணத்திலிருந்து திரும்புகையில், ஓடம் 12 அடி வீழ்ச்சியில் விழுந்து கவிழ்ந்தது. உணவு முழுவதும் அழிந்தது. ஆனால் அவருடைய ஸெக்ஸ்டன்டும் அளவைக் குறிப்புகளும் உட்புறம் தக்கை பதித்த பெட்டியில் இருந்ததால் மீண்டன. மீண்ட பொருள்களுள் ஒன்றான சிறு கூடாரத்தை மூன்று துண்டாக்கி, பகலில் பூச்சிக்கும் இரவில் குளிருக்குமாக மூவரும் போர்த்திக்கொண்டார்கள்.

ஜான் பிராங்க்ளினுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. வட கடற்கரையை ஆராய்ந்து பசியோடு திரும்பிக்கொண்டிருந்த அவர், 1821 செப்டம்பர் 14 அன்று ஓர் ஆற்றைக் கடக்கையில் ஓடம் புரண்டு நீரில் விழுந்தார். தம் நாட்குறிப்பும் வான நோக்கீடுகளும் அடங்கிய பையை எப்போதும் தோளில் வாரிட்டுச் சுமப்பது அவர் பழக்கம். அன்று மட்டும் மேற்பாரம் குறையட்டும் என்று ஓடத்தில் ஏறுகையில் அதைக் கழற்றி வைத்திருந்தார். ஓடம் நிலைதவறாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்த காரியம் அது. அதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை. பையை வெள்ளம் கொண்டுபோயிற்று. 1823இல் வெளிவந்த தமது நூலில் அந்தப் பகுதியை, ரிச்சர்ட்ஸன் முதலிய சக அதிகாரிகளின் குறிப்புகளைத் துணையாகக் கொண்டே அவர் எழுத நேர்ந்தது.