மலைத் தலைநகர் கண்டியும் முஸ்லிம்களும்

தெலுக் பங்லிமா காராங்கின் சமநிலத்தில் வாழும் நமக்கு மலைநகரம் என்றால் கேமரன் மலைதான் நினைவுக்கு வரும். இலங்கையின் கண்டியோ 1815 வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓர் அரசின் தலைநகராக விளங்கியது. சுற்றிலும் மலைகள், மூன்று பக்கம் மகாவலி ஆறு. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்ச்சுகீசியப் படைகள் அழிந்தன.

மலை எதிரியைத் தடுத்தது. ஆனால் மலையில் உப்பு விளையாது. உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்து ஏற வேண்டும். பாக்கு கீழே இறங்க வேண்டும். வண்டி போகாத அந்தப் பாதைகளில் பொதிமாடுகளை ஓட்டிச் சென்றவர்களில் முஸ்லிம்கள் முன்னின்றனர். இந்தப் போக்குவரத்துக்காகவே அரசில் 'மடிகே' என்ற தனித்துறை இருந்தது.

1626இல் போர்ச்சுகீசியர் கரையோர முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் அடைக்கலம் தந்து பலரைக் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார். கண்டி அரசில் சுமார் இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ் 1681இல் நூல் வெளியிட்டார். நகரில் பள்ளிவாசல் இருந்ததையும், அதற்குக் குடிமக்கள் பணம் தர முன்னைய மன்னர் ஒருவர் ஆணையிட்டிருந்ததையும் அதில் எழுதியுள்ளார். பௌத்த அரசு பள்ளிவாசலுக்குத் தந்த ஆதரவு அது.

மலாய் மக்களுக்கும் இந்நகரோடு தொடர்பு உண்டு. 1803இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயப் படையில் மலாய் வீரர்களும் இருந்தனர். அப்படை வீழ்ந்தபின், மன்னரிடம் பணிபுரிய மறுத்த மலாய் கேப்டன் நூருத்தீனும் அவர் சகோதரரும் கொல்லப்பட்டனர்.

1815இல் அரசு வீழ்ந்தது. மதுரை நாயக்கர் வழிவந்த கடைசி மன்னர் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டார். மன்னர் ஆணை தந்த பாதுகாப்பும் அவரோடு போயிற்று. 1867இல் ரயில் வந்தபின் பொதிமாட்டுத் தொழிலும் தேய்ந்தது.

இந்த மாற்றத்துக்குக் கல்வியால் விடை தேடியவர் கண்டியில் வாழ்ந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' நாவலை வெளியிட்டார். பெண் கல்விக்கும் பாடுபட்டார். 1892இல் கொழும்பில் தோன்றி சாஹிரா கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்கு, எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவுடன் சேர்ந்து துணைநின்றார்.

1915 மே மாதம் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் கண்டியில்தான் தொடங்கியது. 2018 மார்ச்சிலும் கண்டி மாவட்டத்தில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. பல நூற்றாண்டு உறவும் தானாக நிலைத்துவிடாது. ஒவ்வொரு தலைமுறையும் அண்டை வீட்டாரோடு அதைப் புதுப்பிக்க வேண்டும். பல இனத்தாரோடு கலந்து வாழும் நாமும், ஐம்பதாவது ஆண்டில், இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.