வலிமையும் மூச்சும்: ஒரு முறைவைப்பின் சரித்திரம்

சில வாரம் ஓட்டமும் சைக்கிளுமாக மூச்சைப் பழக்குவது, அடுத்த சில வாரம் இரும்பைத் தூக்கித் தேகத்தைப் பலப்படுத்துவது என்று முறைவைத்துப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் இன்று நகரத்து உடற்பயிற்சிக்கூடங்களில் பரவியிருப்பதைக் கண்டு, இது நேற்று முளைத்த நாகரிகம் என்று எண்ணுவோர் பலர். ஆனால் தேகாப்பியாசத்தில் எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது, இடையே எவ்வளவு ஓய்வு கொடுப்பது என்னும் விசாரம் கிரேக்க மல்லர்களின் மணற்களத்திலேயே தீவிரமாக நடந்ததொன்று. அதில் ஓர் உயிரும் பலியாயிற்று.

பெர்கமம் நகரில் வாள்வீரர்களுக்கு வைத்தியம் பார்த்து, பிற்பாடு ரோமாபுரியின் சக்கரவர்த்திகளுக்கே வைத்தியராக விளங்கிய காலென், ஆரோக்கியத்தைக் காப்பது பற்றி எழுதிய நூலில், மண்வெட்டுதல், கயிறேறுதல், பாரம் தூக்குதல் போல வேகமின்றி வலிமையைக் கோருபவை ஒரு வகை, ஓட்டமும் பந்தாட்டமும் போல வேகத்தைக் கோருபவை மற்றொரு வகை, இரண்டும் கலந்த உக்கிரமானவை மூன்றாம் வகை என்று பயிற்சிகளைப் பிரித்து வைத்தார். பெயர்கள் மாறினவேயன்றி இன்றைய பயிற்சியாளர் போடும் பாகுபாடும் ஏறக்குறைய இதுதான்.

மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிலொஸ்ட்ராட்டஸ் என்னும் ஆசிரியர் இக்கலைக்கென்றே தனி நூல் இயற்றினார். அக்காலத்து ஆசான்கள் ‘டெட்ராட்’ என்னும் நான்கு நாள் வட்டத்தைக் கைக்கொண்டிருந்தார்கள்: முதல் நாள் சுருக்கமும் விரைவுமான அசைவுகளால் தேகத்தைத் தட்டியெழுப்புவார்கள், இரண்டாம் நாள் அதன் சக்தி முழுவதையும் வேலை வாங்குவார்கள், மூன்றாம் நாள் தளரவிடுவார்கள், நான்காம் நாள் மிதமான உழைப்போடு பிடி போடவும் பிடியிலிருந்து விடுபடவும் பழக்குவார்கள். ஏற்பாடு அறிவுக்குப் பொருத்தமானதே. ஆனால் நௌக்ராட்டிஸ் ஊரைச் சேர்ந்த கெரேனஸ் என்னும் மல்லன், ஒலிம்பியாவில் வெற்றி பெற்ற சில நாட்களில் நண்பர்களோடு குடித்து, வழக்கத்துக்கு மாறாக உண்டு, தூக்கமும் கெட்டுக் களத்துக்கு வந்து, தன் உடம்பு சரியில்லை என்பதை மறைக்காமல் ஆசானிடம் சொன்னபோது, வட்டம் அறுபடுகிறதே என்று கோபங்கொண்ட அந்த ஆசான் அன்றைய பங்கில் சிறிதும் குறைக்காமல் அவனைப் பயிற்சியில் இறக்கினான். அப்பயிற்சியிலேயே கெரேனஸ் மாண்டான். ஆசான் முறையைப் பார்த்தானேயன்றி மனிதனைப் பார்க்கவில்லை. பிலொஸ்ட்ராட்டஸின் கண்டனமும் அதுவே. தேகப்பயிற்சியின் சரித்திரத்தில் இதைக் காட்டிலும் முக்கியமான பக்கம் வேறில்லை என்பது என் துணிபு.

நெடுங்காலம் கழித்து, 1952-ல் ஹெல்சிங்கியில் முதன்முறையாக ஒலிம்பிக் களம் புகுந்த சோவியத் நாடு இவ்விஷயத்தைச் சாஸ்திரமாக்க முனைந்தது. லெவ் மத்வேயெவ் என்னும் அறிஞர் 1960-களில் ஆண்டை ஆயத்த காலம், போட்டிக் காலம், இடைமாற்றக் காலம் என மூன்றாகப் பகுத்து, முதலில் பயிற்சியின் அளவை மிகுதியாக வைத்து, போட்டி நெருங்க நெருங்க அளவைக் குறைத்து உக்கிரத்தை ஏற்றும் திட்டத்தை விளக்கினார். அது போட்டிக்குத் தேதி குறித்துவிட்டவனுக்கு ஏற்றது. நாளெல்லாம் கணக்கெழுதிவிட்டு மாலையில் கூடத்துக்கு வரும் குமாஸ்தாவுக்குப் போட்டியுமில்லை, தேதியுமில்லை. அவர் ஏன் ஓட்டத்தையும் பளுவையும் முறைவைத்துச் செய்ய வேண்டும்?

இக்கேள்விக்குத் தெளிவான விடை 1980-ல் வந்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராபர்ட் ஹிக்ஸன், ஒரு குழுவுக்கு வாரம் ஐந்து நாள் பளுப்பயிற்சியும், மற்றொன்றுக்கு வாரம் ஆறு நாள் தலா 40 நிமிஷம் மூச்சைப் பழக்கும் பயிற்சியும், மூன்றாவதற்கு இவ்விரண்டையும் சேர்த்தும் 10 வாரம் கொடுத்துப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் கால்வலிமை ஏழாவது வாரம் வரை, பளு மட்டும் தூக்கியவர்களுக்கு நிகராகவே ஏறிவந்து, பின்னர் நின்று, கடைசி இரண்டு வாரங்களில் இறங்கிவிட்டது. மூச்சின் ஆற்றலுக்கோ ஒரு குறைவும் நேரவில்லை. தோளில் பளுவை ஏற்றிப் பஸ்கி போடுகிறவர், ஆறு வாரமாகக் கிலோ கூட்டிக்கொண்டே வந்து, ஒருநாள் போன வாரத்துப் பளுவோடேயே எழ முடியாமல் தடுமாறும்போது, சோம்பலென்று அவரைக் கடிந்துகொள்ளும் வழக்கம் எவ்வளவு அநியாயமானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் சோம்பவில்லை, ஒரே தேகத்திடம் இரண்டு வேலைகளை ஒருசேர மிகுதியாகக் கேட்டிருக்கிறார்கள்.

ஒன்றை முன்வைத்து மற்றொன்றைப் பின்தள்ளினால், தள்ளப்பட்டது அழிந்துபோகாதா என்ற அச்சம் இயல்பானதே. அதையும் ஹிக்ஸன் குழுவினரே ஆராய்ந்தார்கள். வாரம் ஆறு நாளாக 10 வாரம் பழகியவர்கள், பயிற்சியின் நேரத்தையும் உக்கிரத்தையும் குறைக்காமல் நாட்களை மட்டும் இரண்டாகச் சுருக்கிக்கொண்டபோதும், அடுத்த 15 வாரம் வரை தாங்கள் சேர்த்த மூச்சாற்றலை இழக்கவில்லை என்று 1981-ல் வெளியிட்டார்கள். ஆகவே பளுவுக்குரிய வாரங்களில் இரண்டு நாளை ஓட்டத்துக்கு விட்டுவைத்தாலே பெருமளவு போதுமென்று கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு நாளையும் மெல்ல நடந்து கழித்துவிடக் கூடாது. நாட்களையும் நேரத்தையும் அப்படியே வைத்து உக்கிரத்தை மட்டும் தளர்த்தியவர்களிடம் அவ்வாற்றல் இறங்கியதை 1985-ல் அவர்களே காட்டியிருக்கிறார்கள்.