கொங்கு மலைப்பாதைகளும் மிதிவண்டியும்

சேலம்–கோவை நெடுஞ்சாலையில், கோவைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் இருக்கிறது கருமத்தம்பட்டி. வடக்கே அன்னூருக்கும் தெற்கே சோமனூருக்கும் இங்கிருந்து சாலைகள் பிரிகின்றன. அன்னூர்ச் சாலையில் போனால் மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரி ஏறலாம். அன்னூரில் திசை மாறினால் சத்தியமங்கலம், அதற்கு மேல் திம்பம். சோமனூர்ச் சாலை பல்லடம், பொள்ளாச்சி வழியாக ஆனைமலை அடிவாரத்தைத் தொடும். பெருஞ்சாலையிலேயே மேற்கே போனால் பாலக்காட்டுக் கணவாய். விடுமுறை நாட்களின் விடியலில் மிதிவண்டிக்காரர்கள் நாடிப்போகும் பாதைகள் இவைதான். இவற்றில் ஒன்றுகூட இயற்கை அழகைக் காட்டுவதற்காகப் போடப்பட்டதல்ல.

பழமையானது கணவாய் வழி. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு விழுந்த இந்த இடைவெளி வழியாகத்தான் சேர நாட்டுத் துறைமுகங்களும் கொங்கின் உள்நாட்டுச் சந்தைகளும் தொடர்பு கொண்டன. கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளின் எச்சங்களும், வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய நாணயங்களும் அந்தப் போக்குவரத்துக்குச் சாட்சி. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூரில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று ‘கோஇராசகேசரிப் பெருவழி’ என்று சாலையின் பெயரையே சொல்கிறது. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் அது பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், சேர நாட்டாரும் கொங்கு நாட்டாரும் அவ்வழியே நடந்தார்கள் என்பது விளங்கும்.

வடக்கே மைசூருக்கு ஏற வேண்டியவர்கள் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய கஜலஹட்டிக் கணவாயைப் பயன்படுத்தினர். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தானின் படை அந்த வழியாகத்தான் இறங்கிவந்து சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயரோடு மோதியது. பத்தாண்டு கழித்து, 1800-ல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நாடு பார்க்க வந்த பிரான்சிஸ் புக்கானன் சத்தியமங்கலம், தண்ணாயக்கன்கோட்டை, கோவை என்று பயணம் செய்து, பயிர், தறி, வரி எல்லாவற்றையும் எழுதிவைத்தார். அந்தத் தண்ணாயக்கன்கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்புக்குள் கிடக்கிறது.

மலையேறும் சாலைகளின் கதை இதற்குப் பிறகே தொடங்குகிறது. கோவை ஆட்சியர் ஜான் சலிவன் 1819 ஜனவரியில் நீலகிரி ஏறினார். அவர் முயற்சியில் லெஃப்டினன்ட் மெக்ஃபர்சனின் மேற்பார்வையில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கத்துத் திம்பட்டிக்கு 1821-ல் தொடங்கிய பாதை 1823-ல் முடிந்தது. 1830–32-ல் லெஹார்டி என்ற இராணுவ அதிகாரி குன்னூர் வழியே இன்னொரு பாதை அமைத்தார். குதிரைக்கும் பல்லக்குக்கும் பொதிமாட்டுக்கும் அது போதுமானதாக இருந்தது. பாரவண்டிக்குத்தான் ஏற்றம் அதிகம். காப்பியும் தேயிலையும் மலையிலிருந்து இறங்க வேண்டிய காலத்தில் மாட்டுவண்டி ஏறாத சாலையால் பயனில்லை. எனவே மலைச்சரிவைச் சுற்றிச் சுற்றி, நீளம் கூடினாலும் சாய்வு குறையும்படி, புதிய குன்னூர்ச் சாலை 1871-ல் திறக்கப்பட்டது. அதை முன்னின்று போட்ட அதிகாரி லாவின் பெயர்தான் குன்னூர் அருகே லாஸ் அருவியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று மலையேறும் மிதிவண்டிக்காரர் நன்றி சொல்ல வேண்டியது அந்த மாட்டுவண்டிக்குத்தான். பாரம் ஏற்றிய ஒரு சோடி மாடு மூச்சு வாங்காமல் இழுக்கக்கூடிய சாய்வும், மனிதக் கால் நெடுநேரம் மிதிக்கக்கூடிய சாய்வும் ஏறக்குறைய ஒன்று. கொண்டை ஊசி வளைவுகள் பிறந்ததும் இந்தக் கணக்கில்தான். 1899-ல் குன்னூரை எட்டிய மலை ரயில் இப்படி வளைய வேண்டியிருக்கவில்லை. தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்து, 12.5 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் அது ஏறிவிட்டது. ஆனைமலையில் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குப் போகும் சாலையில் 40 வளைவுகள். தேயிலைத் தோட்டங்களுக்காக வந்த அந்தச் சாலையின் 9-ஆம் வளைவுக் காட்சிமுனை, சாலை போட்ட பொறியாளர் லோமின் பெயரால் வழங்குகிறது. திம்பத்தில் 27 வளைவுகள்.

இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவான, சங்கிலியால் ஓடும் மிதிவண்டி இங்கிலாந்தில் 1885-ல் வந்தது. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இந்தியாவுக்கு இறக்குமதியான ராலே, பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் வண்டிகள் முதலில் அதிகாரிகளுக்கும் வசதி உள்ளவர்களுக்குமே எட்டின. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய பிறகுதான் மிதிவண்டி கிராமத்து வீட்டுத் திண்ணைக்கு வந்தது.

வந்தபோது அது உழைக்கத்தான் வந்தது. சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் வட்டாரத்து விசைத்தறிக்காரர்கள் நூலையும் நெய்த துணியையும் கேரியரில் கட்டி எடுத்துப்போனார்கள். பால்காரர் கேன் தொங்கவிட்டார். தோட்டத்துக்காரர் தீவனக்கட்டு ஏற்றினார். வண்டிக்கு உள்ளாட்சி அமைப்பு வரி வாங்கி உலோக வில்லை கொடுத்தது. இரவில் விளக்கில்லாமல் போனாலும் ‘டபுள்ஸ்’ போனாலும் போலீஸ் பிடிக்கும். சொந்த வண்டி இல்லாத பிள்ளைகள் மணி நேர வாடகைக்கு எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டார்கள். ஊர் சுற்றிப் பார்ப்பது என்பது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது. அரசு 2001–02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி 2005–06-ல் எல்லோருக்கும் விரித்த விலையில்லா மிதிவண்டித் திட்டமும் பள்ளிக்குப் போய்வரும் தேவையை முன்னிட்டதே.

மலை மட்டும் வெகுகாலம் மிதிவண்டிக்கு அப்பாலேயே இருந்தது. ஏறத்தாழ 20 கிலோ எடையும் ஒரே பல்சக்கரமும் கொண்ட கறுப்பு வண்டி, மேட்டுப்பாளையத்தை அடுத்து மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறு தாண்டினால் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். இறங்கும்போது கம்பி பிரேக்கை நம்ப முடியாது. 1970-களில் கலிஃபோர்னியாவின் மாரின் மலைகளில் சில இளைஞர்கள் பழைய வண்டிகளைத் திருத்தி உருவாக்கிய மலை மிதிவண்டியும், அதோடு பரவிய பல கியர் அமைப்பும் இந்திய சந்தைக்கு வந்த பிறகே நிலைமை மாறியது. 2008-ல் பெங்களூரின் ரைடு எ சைக்கிள் அறக்கட்டளை ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ பயணத்தைத் தொடங்கியது. மசினகுடிப் பக்கமிருந்து உதகைக்கு ஏறும் 36 வளைவுக் கல்லட்டிச் சாலை அதன் கடும் சோதனை. பிரான்சில் பிறந்த நெடுந்தூர ‘பிரெவே’ ஓட்டமும் தமிழ்நாட்டில் ஊன்றியது: 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அதன் முதல் படி.

ஏற்றத்தைவிடக் காற்றே சில மாதங்களில் பெரிய தடை. ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று, பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கருமத்தம்பட்டியிலிருந்து கோவைப் பக்கம் மிதிப்பவருக்கு அது நேர் எதிர்க்காற்று, திரும்பி வருபவருக்குத் துணை. நெடுஞ்சாலை அகலமாகி வண்டிகள் வேகம் பிடித்த பிறகு, தென்னந்தோப்புகளுக்கும் சோளக்காடுகளுக்கும் இடையே போகும் உட்சாலைகளே மிதிவண்டிக்கு ஏற்றவை.

ஒற்றையடி மலைத்தடங்களில் ஓட்டுவது இங்கே எளிதில் வாய்க்காதது. ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம் மூன்றும் புலிகள் காப்பகங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுத்தடத்தில் நுழைவது குற்றம். கல்லாறு யானைகள் கடக்கும் வழி. திம்பம் சாலையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே எஞ்சுவது தார்ச்சாலையும், உரிமையாளர் ஒப்புதலோடு ஓட்டக்கூடிய எஸ்டேட் மண்பாதைகளும்தான்.