தலக்காடு: மணல் மூடாத பெயர்

ஜோர்டான் பாலையில் செம்பாறையைக் குடைந்து நகரம் சமைத்த நபத்தேயர், தம் ஊரை ‘ரக்மு’ என்று அழைத்தார்கள். இன்று அங்கே படமெடுக்கப் போகிறவர்கள் அறிந்ததோ ‘பெட்ரா’. கிரேக்கத்தில் பாறை என்று பொருள். அயலார் இட்ட பெயர் நிலைத்துவிட்டது.

மைசூர்ச் சீமையின் மணல் நகரத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. நஞ்சன்கூட்டைத் தழுவி ஓடும் கபினி, திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு சேர்கிறது. ஆற்றோடு இன்னும் கீழே போனால் தலக்காடு. மேலைக் கங்கரின் தலைநகரம். இன்று மணல்மேடுகளுக்கு நடுவே, தோண்டிய பள்ளங்களில் கோயில்கள் நிற்கின்றன.

நஞ்சன்கூட்டுக்குக் ‘கரளபுரி’ என்றொரு வடமொழிப் பெயர் உண்டு. கரளம் என்றாலும் நஞ்சுதான். அதே வழியில் தலக்காடு செப்பேடுகளில் ‘தலவனபுரம்’ ஆனது. ஊர் மக்கள் சொல்லும் கதை வேறு: தலன், காடன் என்ற இரு வேடர்கள் ஒரு மரத்தைக் கோடரியால் வெட்ட, ரத்தம் பீறிட்டதாம், தன் காயத்துக்குத் தானே மருந்து சொன்ன சிவன் வைத்தியேசுவரர் ஆனாராம். அருமையான கதை. ஆனால் ‘வனம்’ என்று மொழிபெயர்த்தவருக்கு அந்தக் காடு ஆள் அல்ல, மரங்கள் நின்ற காடே. பெயரிலிருந்து பிறந்த கதை இது என்பதே என் துணிபு.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைப் பிடித்த சோழர் ‘இராசராசபுரம்’ என்று பெயர் மாற்றினார்கள். ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அவர்களை விரட்டினான். கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான். ‘தலகாடுகொண்ட’ என்ற பட்டத்தைப் பொற்காசில் பொறித்தான். அந்தக் ‘கொண்ட’ நமக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் ‘மதுரை கொண்ட’வன், இராசேந்திரன் ‘கங்கை கொண்ட’வன். சோழர் பாணியிலேயே சோழரை வென்றதைச் சொன்னவன், சோழர் இட்ட பெயரை மட்டும் தொடவில்லை. மக்கள் வாயிலிருந்த பெயரே காசில் ஏறியது.

பிறகு ஆற்று மணல் காற்றில் ஏறி வந்து ஊரை மூடியது. 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூர் உடையார் கைக்குப் போனபோது அதுவரை அங்கிருந்த விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா இட்ட சாபமே இது என்று மைசூரில் இன்றும் சொல்கிறார்கள்.

நஞ்சன்கூடு வரை போகிறவர்கள் தலக்காட்டையும் பாருங்கள். கோபுரத்தையும் மணலையும் எல்லோரும் படமெடுக்கிறார்கள். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளையும் எடுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது எடுத்தால்தான் எழுத்து தெளிவாக விழும்.