ஆயிரம் முகவரிகள்



நம் வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் இடம்பெறாத ஒரு கண் மருத்துவரைப் பற்றி இன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அவர் பெயர் லுட்விக் சாமன்ஹாஃப். 1859-இல் பியாலிஸ்டாக் என்ற ஊரில் பிறந்த யூதர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது, அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. இத்திஷ், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன் என்று ஊருக்குள்ளேயே பல மொழிகள். மொழிக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்குக் கூட்டம் பகை. எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழி இருந்தால் இந்தப் பகை குறையாதா என்று பள்ளிப் பருவத்திலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

1887-இல் வார்சாவில் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர் வருங்கால மாமனார்! 16 இலக்கண விதிகள், சுமார் 900 வேர்ச்சொற்கள், அவ்வளவுதான். தன் பெயரைப் போடாமல் 'டாக்டர் எஸ்பெராண்டோ' என்று போட்டார். 'நம்பிக்கை கொண்டவர்' என்று பொருள். அதுவே மொழியின் பெயராகிவிட்டது. இந்த மொழியில் தனக்கு எந்த உரிமையும் வேண்டாம் என்றும் எழுதிக்கொடுத்துவிட்டார்.

புத்தகத்தோடு ஒரு சீட்டும் இருந்தது. ஒரு கோடிப் பேர் கற்கச் சம்மதித்தால் நானும் கற்கிறேன் என்று கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். கோடி எங்கே வந்தது? 1889-இல் அவர் வெளியிட்ட முகவரிப் புத்தகத்தில் ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். பெரும்பாலோர் ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தவர்கள். ஆனால் அந்த ஆயிரம் முகவரிகள் போதுமானதாக இருந்தன. முகம் தெரியாதவர்கள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியின் நியூரம்பெர்கிலிருந்து ஒரு பத்திரிகையும் வந்தது. 1895-இல் அதில் டால்ஸ்டாய் எழுதிய கட்டுரை வெளியானதும், ரஷ்யத் தணிக்கைத்துறை பத்திரிகையை நாட்டுக்குள் விடவில்லை. சந்தாதாரர்களில் பெரும்பகுதி ரஷ்யாவில் இருந்ததால் பத்திரிகை நின்றுபோனது.

கடிதங்கள் நிற்கவில்லை. 1905-இல் பிரான்சின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு நடந்தது. அதுவரை பெரும்பாலும் எழுத்தில் பழகிய சுமார் 700 பேர், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள்.

1914 ஆகஸ்டில் பாரிஸ் மாநாட்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தார்கள். முதல் உலகப்போர் மூண்டது, மாநாடு நடக்கவில்லை. பொதுமொழி ஒன்று இருந்தால் மட்டும் போர் நின்றுவிடாது என்பதையும் வரலாறு காட்டிவிட்டது. போர் முடியுமுன்பே, 1917-இல் சாமன்ஹாஃப் காலமானார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் மறக்கக்கூடாது. ஹிட்லர் ஆட்சியில் எஸ்பெராண்டோ அமைப்புகள் தடை செய்யப்பட்டன. ஸ்டாலின் ஆட்சியில் 1937, 38-இல் எஸ்பெராண்டோ அறிந்தவர்கள் பலர் சுடப்பட்டார்கள், முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வெளிநாட்டு நண்பருக்கு எழுதிய கடிதமே உளவு வேலைக்குச் சாட்சியாகிவிட்டது. சாமன்ஹாஃபின் மகன் ஆடம் 1940-இல் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள்கள் சோஃபியாவும் லிடியாவும் 1942-இல் டிரெப்ளிங்கா முகாமில் மாண்டார்கள். லிடியா, நாடு நாடாகச் சென்று அப்பாவின் மொழியைக் கற்பித்த ஆசிரியை.

ஒன்றுக்கொன்று விரோதியான இரண்டு ஆட்சிகள், ஒரு சாதாரணக் கடிதத்தைக் கண்டு ஏன் பயந்தன? எல்லைக்கு அப்பால் ஒரு நண்பன் இருப்பவனிடம், அந்த நாட்டார் அனைவரும் பகைவர் என்று சொன்னால் அவன் எளிதில் நம்பமாட்டான். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எஸ்பெராண்டோ உலகப் பொதுமொழி ஆகவில்லை. ஆனாலும் சாகவில்லை, அதன் உலக மாநாடு இன்றும் நடக்கிறது.

உங்களில் பலர் இன்று பல நாடுகளில் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். அவருக்குப் பிடித்த ஒரு புத்தகத்தின் பெயரைக் கேட்டுப் படியுங்கள். எந்தப் புத்தகம் என்று கீழே எழுதுங்கள், நானும் தேடிப் படிக்கிறேன்.

நலமுடன் வாழ்க.