பல்வழி பேட்டரி சார்ஜர் (படகு)

படகிலேயே நிலையாகப் பொருத்தப்பட்டு, கரை மின்சாரத்தைக் கொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட பேட்டரிகளைத் தனித்தனி வழிகளில் சார்ஜ் செய்யும் கருவி. இரண்டு, மூன்று, நான்கு வழிகள் கொண்டவை புழக்கத்தில் உள்ளன.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியின் வகை. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றப்பட்டு, நிறைந்தபின் 13.5 வோல்ட் அளவில் பராமரிக்கப்படும். லித்தியம் பேட்டரிக்கு அதற்கென வகுத்த சார்ஜிங் அமைப்பு தேவை. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிக்கு 10 முதல் 20 ஆம்பியர் சார்ஜிங் மின்னோட்டம் பொருந்தும்.

ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு வயர் செல்லும். வழிகள் ஒன்றிலிருந்து ஒன்று மின்காப்புப் பெற்றிருந்தால், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தரும்போதும், இணைப்பைப் பிரிக்காமலே இரண்டும் தனித்தனியே ஏறும். ஃபியூஸை பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் வைப்பது இன்றியமையாதது: படகின் அதிர்வில் வயரின் உறை தேய்ந்து ஷார்ட் ஆனால், தீ மூட்டும் அளவுக்கு மின்னோட்டத்தைத் தருவது பேட்டரியே. உப்புக்காற்றில் வெறும் செம்புக் கம்பி சீக்கிரமே பச்சை பூத்துவிடும். வெள்ளீயம் பூசிய கம்பியே நிலைக்கும்.

ஒரே படகில் பேட்டரிகளைப் பிரித்து வைப்பதற்கு நல்ல இந்திய எடுத்துக்காட்டு, கேரளத்தின் வைக்கம்–தவணக்கடவு தடத்தில் 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 75 பயணிகளுக்கான ‘ஆதித்யா’ சூரியமின் படகு. அதன் 50 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரிகள் இரட்டை உடற்பகுதிகளில் சரிபாதியாக அமைந்துள்ளன. கரையிலிருந்து சார்ஜ் செய்வதற்கு எடுத்துக்காட்டாக, 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் படகுகளுக்குப் படகுத்துறையிலேயே விரைவு சார்ஜிங் வசதி உண்டு.