கார் ஸ்டீரியோவும் கையடக்க இசைக் கருவியும்: ஓர் இணைப்பின் வரலாறு

கையில் எடுத்துச் செல்லும் இசைக் கருவியின் ஒலியைக் கார் ஸ்டீரியோ வழியாகக் கேட்பதற்குப் பல முறைகள் உருவாயின. கேசட் அடாப்டர், எப்.எம். டிரான்ஸ்மிட்டர், 3.5 மி.மீ. ஆக்ஸ் இணைப்பு, யு.எஸ்.பி., புளூடூத் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவை அனைத்தும் ஒரே சிக்கலிலிருந்து பிறந்தவை. ஒரு கார் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடும். இசைக் கருவியோ சில ஆண்டுகளிலேயே பழையதாகிவிடும். ஆயுள் வேறுபட்ட இவ்விரண்டையும் பொருத்துவதற்கு மனிதர் கண்ட வழிகளே இந்த வரலாறு.

காருக்குள் இசை

1930இல் சிகாகோவின் கால்வின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கியது. ஆனால் வானொலியில் நாம் விரும்பும் பாடலை விரும்பும் நேரத்தில் கேட்க முடியாது. இக்குறையைப் போக்க, கிரைஸ்லர் நிறுவனம் 1956ஆம் ஆண்டுக் கார்களில் இசைத்தட்டுக் கருவியையே பொருத்தித் தந்தது. நிமிடத்துக்கு 16⅔ முறை சுழலும் தனிவகைத் தட்டுகளே அதில் ஓடின. வீட்டிலிருந்த தட்டுகள் அதற்குப் பொருந்தவில்லை. அம்முயற்சி நீடிக்கவுமில்லை. 1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட், வீட்டிலும் காரிலும் ஒன்றுபோலவே ஓடியது. பின்னாளில் கார்களில் அது நிலைபெற்றது.

கேசட் அடாப்டர்

சோனியின் வாக்மேன் 1979இலும், அதே நிறுவனத்தின் கையடக்க சி.டி. பிளேயர் 1984இலும் வெளிவந்தன. சி.டி. வாங்கியவரின் காரில் கேசட் பிளேயர்தான் இருந்தது. அதற்குத் தீர்வாக வந்ததே கேசட் வடிவ அடாப்டர்.

இதன் தத்துவம் எளிது. சாதாரண கேசட்டில், நாடாவில் பதிந்துள்ள காந்தப் புலத்தைப் பிளேயரின் ஹெட் உணர்ந்து மின்குறிப்பாக மாற்றுகிறது. அடாப்டரில் நாடா இல்லை. அதற்குப் பதிலாக, பிளேயரின் ஹெட்டுக்கு நேர் எதிரே ஒரு சிறிய மின்காந்த ஹெட் உள்ளது. சி.டி. பிளேயரிலிருந்து கம்பி வழியே வரும் மின்குறிப்பு, அந்த ஹெட்டில் மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. நாடா ஓடுவதாகவே ஸ்டீரியோ கொள்கிறது. நாடா முடிந்துவிட்டதாக எண்ணிப் பிளேயர் நின்றுவிடாதபடி, உள்ளே பற்சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்கும்.

எப்.எம். டிரான்ஸ்மிட்டர்

கேசட் பிளேயர் இல்லாத கார்களுக்கு வானொலியே வழியாயிற்று. இசைக் கருவியில் செருகிய சிறு டிரான்ஸ்மிட்டர், காலியான ஓர் எப்.எம். அலைவரிசையில் பாடலை ஒலிபரப்பும். கார் வானொலி அதைப் பிடித்துக்கொள்ளும். நிலையங்கள் நெருங்கிய நகரங்களில் இரைச்சல் குறுக்கிடும்.

இங்கே சட்டமும் நுழைந்தது. பிரிட்டனில் இக்கருவியைப் பயன்படுத்துவது 2006 டிசம்பர் வரை சட்டவிரோதம். அதன்பின் 50 நானோவாட் என்ற மிகக் குறைந்த திறனுக்குள் அனுமதி கிடைத்தது. அலைவரிசை பொதுச்சொத்து என்பதே இக்கட்டுப்பாட்டின் காரணம்.

தனிச் செருகியும் பொதுச் செருகியும்

2001இல் ஆப்பிளின் ஐபாட் வந்தது. 2004இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், ஐபாடைக் காருக்குள் இணைத்து ஸ்டியரிங் பொத்தான்களால் இயக்கும் வசதியை அறிவித்தது. ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டிய தேவை இதனால் குறைந்தது. இது மெய்யான நன்மை. ஆனால் இத்தகைய இணைப்புகள் ஆப்பிளின் 30 முனைச் செருகியை நம்பியிருந்தன. 2012இல் ஆப்பிள் 'லைட்னிங்' செருகிக்கு மாறியது. கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்த செருகி பழையதாயிற்று.

ஆக்ஸ் துளையின் கதை வேறு. அதன் 3.5 மி.மீ. செருகி, 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களில் பயன்பட்ட பெரிய செருகியின் சிறிய வடிவம். வாக்மேன், சி.டி. பிளேயர், ஐபாட், கைப்பேசி என எந்த நிறுவனத்தின் கருவியும் அதில் பொருந்தியது. அதற்கும் குறை உண்டு. கார் மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றியபடியே ஆக்ஸில் பாடல் கேட்டால், எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு சீழ்க்கை ஒலி கலப்பதுண்டு. இரு கம்பிகளின் தரை இணைப்புகள் ஒரு வளையமாகி, ஆல்டர்னேட்டரின் இரைச்சலுக்கு வழிவிடுவதே காரணம்.

கம்பியின் முடிவு

அமெரிக்காவில் தொழிற்சாலையிலேயே கேசட் பிளேயர் பொருத்தி வந்த கடைசிக் கார்களுள் ஒன்று, 2010ஆம் ஆண்டின் லெக்சஸ் எஸ்.சி. 430. 2016இல் ஐபோன் 7 வெளிவந்தபோது அதில் 3.5 மி.மீ. துளை இல்லை. புளூடூத் அவ்விடத்தைப் பிடித்தது. ஆக்ஸ் துளை மட்டுமே உள்ள காரை வைத்திருப்பவர் மீண்டும் அடாப்டர் தேட வேண்டியதாயிற்று. இன்று புளூடூத்தை உள்ளடக்கிய கேசட் அடாப்டர்கள்கூட விற்பனைக்கு வருகின்றன. நாடாவே இல்லாத காலத்திலும் கேசட்டின் வடிவம் பயன்படுகிறது.

மாணவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீண்ட காலம் உழைத்த இணைப்புகள் யாவும் எளிய, எல்லோருக்கும் பொதுவான வடிவங்கள். ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உரிய செருகி, அந்நிறுவனம் மனம் மாறும் வரைதான் பயன்படும். பொதுத் தரத்தைப் பின்பற்றும் செருகி, கார் ஓடும் வரை பயன்படும். பழைய பொருளைத் தூக்கி எறியாமல் பயன்படுத்த விரும்புவோருக்கு இந்த வேறுபாடு பணத்தைப் பொறுத்தது மட்டுமன்று. தம் பொருள் எப்போது பயனற்றுப் போகும் என்பதை முடிவு செய்வது தாமா, பிறரா என்பதையும் பொறுத்தது.